மயிலிறகு சாட்சி சொல்லுமா?

கேள்வி: மயில் தோகையையும் மாலை வானத்தையும் பார்த்த பிறகும் கடவுள் இல்லை என்கிறவர்களுக்குக் கண் இருக்கிறதா? இயற்கையின் அழகு கடவுளின் கைவேலை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? அவர்களுக்கு நறுக்கென்று ஒரு பதில் கொடுங்கள்.

பதில்: கொடுக்கலாம். ஆனால் நறுக்கு உங்கள் மேலும் கொஞ்சம் விழும், பரவாயில்லையா?

தானாக உதிர்ந்த மயிலிறகு ஒன்று கிடைத்தால் வெளிச்சம் அதன் மேல் விழும்படி பிடித்துப் பாருங்கள். நீலமும் பச்சையும் பொன்னுமாக மின்னும். அதையே ஜன்னலுக்கு நேராக, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி தூக்கிப் பிடியுங்கள். நீலம் போய்விடும், மங்கலான பழுப்புதான் மிஞ்சும். அந்த இறகில் நீலச் சாயமே கிடையாது. இருப்பதெல்லாம் நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே மெலனின்தான். அது கண்ணுக்குத் தெரியாத குச்சிகளாக, வரிசை தப்பாமல் அடுக்கப்பட்டிருக்கிறது. குச்சிகளுக்கு நடுவே உள்ள தூரம் சுமார் 140 நானோமீட்டர் என்றால் நீலம், 150 என்றால் பச்சை. ஒரு தலைமுடியின் பருமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். இங்கே ஒரு நிறம் இன்னொன்றாக மாற 10 போதும். இதைப் பார்த்துக் கை கூப்பத் தோன்றினால் தாராளமாகக் கூப்புங்கள். எனக்கும் தோன்றியிருக்கிறது.

ஆனால் நீங்கள் கூப்பியதோடு விடவில்லையே, மயிலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். ஏற்றினால் குறுக்கு விசாரணை உண்டு.

ஒருவகைக் குளவி உயிருள்ள கம்பளிப்புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சுப் புழுக்கள் அதை உள்ளிருந்தே தின்று வளரும். சட்டென்று செத்துவிட்டால் இரை கெட்டுவிடும் அல்லவா, அதனால் உயிர்நாடியான உறுப்புகளைக் கடைசிவரை விட்டுவைக்கும். பிறகு தோலைத் துளைத்து வெளியே வந்து, அதன் முதுகிலேயே வெள்ளை வெள்ளையாகக் கூடு கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் பூ பூத்த மாதிரி அழகாகக்கூட இருக்கும். இது யார் கைவேலை? மயிலைக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டுக் குளவியை மட்டும் யார் கணக்கில் எழுதுவீர்கள்?

1860இல் டார்வின், ஆசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியல் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் மல்லுக்கட்டியது இந்த மாதிரிக் குளவிகளோடுதான். கருணையும் சர்வ வல்லமையும் உள்ள ஒரு கடவுள் இவற்றை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் அதே கிரேக்கு, மயிலிறகைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறார். பிழைப்புக்கு உதவாத இவ்வளவு பெரிய தோகை எதற்கு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1871இல் வந்த அவருடைய நூலில் அதற்கு விடை இருந்தது: ஜோடியைத் தேர்ந்தெடுப்பது பெண்மயில். அதன் கண்ணுக்காக வளர்ந்த தோகை அது. நாம் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள், அவ்வளவுதான். பூக்களும் அப்படியே. மனிதன் வந்து சுமார் 3 லட்சம் வருடம்; பூக்கள் 10 கோடி வருடத்துக்கும் முன்பிருந்தே பூச்சிகளுக்காகப் பூத்துக்கொண்டிருக்கின்றன.

சரி, கடவுள் இல்லை என்று நான் சொல்கிறேனா? இல்லை. அந்த ஆசா கிரே உறுதியான கிறிஸ்தவர். அமெரிக்காவில் டார்வினுக்காக முன்னால் நின்று வாதாடியவரும் அவர்தான். குளவிக் கடிதத்தைப் படித்த பிறகும் டார்வினையும் விடவில்லை, கர்த்தரையும் விடவில்லை. மயிலைக் காட்டி யாருக்கும் கண் இல்லை என்று அவர் சண்டைக்குப் போனதாகவும் நான் படித்ததில்லை.

கண் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. அந்த 140ஐயும் 150ஐயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பொறுமையாக அளந்தார்களே, அவர்கள் நம் இரண்டு பேரையும்விட உற்றுப் பார்த்தவர்கள். கடவுளை நம்புகிறவர்களா, இல்லையா என்று எழுத ஆய்வுக் கட்டுரையில் இடம் விடுவதில்லை.