டொமைன் யார் பேரில் இருக்கிறது?

கீழவாசலில் சுங்குடிச் சேலை விற்கிறோம். கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. வெப்சைட் செய்ய வேர்ட்பிரஸ், விக்ஸ், ஷாப்பிஃபை இதில் எது சரி?

கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியில் ஒன்றைப் போல இன்னொன்று அமையாது. விற்ற சேலையை அன்றே சைட்டிலிருந்து எடுத்தாக வேண்டும். அதைப் பார்க்க வீட்டில் ஆள் இருந்தால் ஷாப்பிஃபை. மாதக் கட்டணம் உண்டு; ஸ்டாக், ஆர்டர் கணக்கெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஆள் இல்லையென்றால் இப்போதைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக் போதும், செலவே இல்லை. விக்ஸில் பக்கம் அழகாக வரும், வேலையும் சுலபம். ஆனால் அங்கே கட்டிய சைட்டை அப்படியே பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஒத்திக்கு எடுத்த வீட்டில் மாடி கட்டுவது போலத்தான்.

சைட் செய்து கொடுத்த தம்பி இப்போது போனே எடுப்பதில்லை. என்ன செய்வது? (திருமங்கலம், பாத்திரக் கடை)

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. என் உறவினர் கடைக்கும் இதே கதி. சித்திரைத் திருவிழா சமயத்தில் சைட் நின்றுபோனது, புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் டிசைனருக்கே போயிருந்தது. முதலில் டொமைன், அதாவது உங்கள் சைட்டின் முகவரிப் பெயர், எந்தக் கம்பெனியில், யார் மெயிலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பில், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தடயம் கிடைக்கும். தம்பியை நேரில் பிடித்து, அந்த டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், சாவி அவர் கையில் இருக்கிறது. வேறு கம்பெனிக்கு மாற்றுவதென்றால் டிரான்ஸ்பர் கோட் வேண்டும். இனி எதைச் செய்தாலும் டொமைன் உங்கள் மெயில், உங்கள் செல் நம்பரில் இருக்கட்டும். முதல் வருஷ விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். புதுப்பிக்கும்போது கேட்கும் தொகையையும் விசாரியுங்கள்.

கூகுள் மேப்போடு இலவசமாகச் செய்த எங்கள் வெப்சைட்டைக் காணோம். (மேலூர், பந்தல் வாடகை)

கூகுள் அந்த வசதியை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. மேப்பில் உங்கள் கடை விவரம் அப்படியே இருக்கும். கூகுள் சைட்ஸில் ஒரு பக்கம் செய்து, அந்த முகவரியை மேப்பில் உள்ள கடை விவரத்தில் போட்டுவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் இலவசம் என்கிறார்களே?

மென்பொருள் இலவசம், 2003-லிருந்தே. ஹோஸ்டிங்கும் (சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) டொமைனும் காசு. அப்டேட்டும் பேக்கப்பும் உங்கள் பொறுப்பு. அதற்கு நேரமில்லை என்றால் வேர்ட்பிரஸ் டாட் காமில் தொடங்குங்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பின்னால் வேறு ஹோஸ்டிங்குக்குப் போக நினைத்தால் எழுதியதையெல்லாம் எடுத்துப் போகலாம்.