பிரிந்த பின் தாபரிப்புப் பணம்: ஒன்ராறியோவில் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது

தங்கைக்கு வணக்கம். கணவரின் ஸ்பொன்சரில் இங்கு கனடாவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றும், இரண்டு வயதுக் குழந்தையோடு கடந்த மாதம் தனியே வந்துவிட்டீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். "வீட்டை விட்டுப் போனவள் நீ, உனக்கு ஒரு சதமும் கிடைக்காது" என்று அவர் சொல்ல, சம்பளத்தில் பாதி உங்களுக்குத்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நீதிமன்றம் உண்மையில் எப்படித் தீர்மானிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேச்சும் பிழை. நான் சட்டத்தரணி இல்லை. பதினான்கு வருடத் திருமணம் முடிந்து இதே வழியால் நடந்து வந்தவள் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

யார் வீட்டை விட்டுப் போனது, யாரில் பிழை என்பதை வைத்து இங்கே தாபரிப்பு, அதாவது பிரிந்த துணைக்குக் கட்டும் பணம், தீர்மானிக்கப்படுவதில்லை. விவாகரத்துச் சட்டத்தின் 15.2 ஆம் பிரிவு, மணவாழ்வில் ஒருவர் செய்த தவறை நீதிமன்றம் கணக்கில் எடுக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. மாகாணக் குடும்பச் சட்டத்தில் மிக மோசமான நடத்தைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை ஏற்றுக்கொள்வது மிக அரிது. ஆனால் அந்தத் தவறின் விளைவு வேறு விடயம். கொடுமையால் ஒருவரின் உடலோ மனமோ பாதிக்கப்பட்டு, அதனால் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை என்றால், அந்த இயலாமையைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 இல் லெஸ்கன் வழக்கில் தெளிவாக்கியது. ஆகவே உங்களுக்கு நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீதிபதி முதலில் கேட்பது, உங்களுக்குத் தாபரிப்பு பெறும் உரித்து இருக்கிறதா என்பதை. தொகையும் காலமும் அதற்குப் பிறகுதான். உங்களைவிட அவர் கூட உழைக்கிறார் என்பது மட்டும் உரித்தாகிவிடாது. எவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தீர்கள், அந்தக் காலத்தில் யார் எந்த வேலையைச் செய்தார்கள், அந்த ஏற்பாட்டால் யாருடைய உழைக்கும் வலு வளர்ந்தது, யாருடையது தேய்ந்தது என்று பார்ப்பார்கள். 1992 இல் வந்த மோகே தீர்ப்பை இங்குள்ள ஒவ்வொரு குடும்பச் சட்டத்தரணியும் அறிவார். போலந்திலிருந்து 1960 இல் வந்த தம்பதி. மனைவி பகலில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்து, மாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தவர். பிரிந்து பல ஆண்டுகளாகியும் அவரால் சொந்தக் காலில் நிற்க முடியவில்லை. அந்த நிலைக்கு மணவாழ்வின் வேலைப் பங்கீடே காரணம் என்று ஏற்று, மாதம் 150 டொலர் தொடர வேண்டும் என்றது நீதிமன்றம். தொகை சிறிதுதான், ஆனால் வீட்டில் செய்த வேலைக்குப் பொருளாதாரப் பெறுமதி உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. எங்களைப் போல வந்து குடியேறிய ஒரு பெண்ணின் வழக்கு அது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மோகே வழக்கில் போல, மணவாழ்வால் வந்த நட்டத்துக்கு இழப்பீடு என்ற அடிப்படை பொருந்தாவிட்டாலும், தேவை ஒன்றை வைத்தே உரித்து எழலாம் என்று 1999 இல் பிராக்லோ வழக்கு சேர்த்துச் சொன்னது.

என் வழக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிதிநிலை அறிக்கைக்கான 13.1 ஆம் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனபோது, என் சட்டத்தரணி வருமானப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "உங்கள் கணவர் தொழில் உரிமத்துக்குப் படித்த அந்த இரண்டு வருடமும் வீட்டு வாடகை யார் கட்டினது?" என்று கேட்டார். நான்தான் கட்டினேன், இரவு வேலை செய்து. அதை ஒரு பெரிய விடயமாக நானே நினைத்திருக்கவில்லை. பழைய சம்பளத் துண்டுகளும், வாடகைக் காசோலைகள் பதிவான வங்கிக் கூற்றுகளும் ஒரு பையில் கிடந்தன. அவற்றை எடுத்துக் கொடுத்தேன். மற்றப் பக்கத்தின் வாதம் அதற்குப் பிறகு மாறிவிட்டது. ஆகவே குழந்தைக்காக எந்த வகுப்பை நிறுத்தினீர்கள், எந்த வேலையை வேண்டாம் என்றீர்கள் என்று திகதியோடு இப்போதே எழுதிவையுங்கள்.

தொகைக்கு 2008 இல் வெளியான ஆலோசனை வழிகாட்டி ஒன்று இருக்கிறது. அது சட்டம் இல்லை, ஆனாலும் நீதிபதிகள் பெரும்பாலும் அதை வைத்தே தொடங்குவார்கள். பிள்ளை இல்லாத தம்பதி என்றால், வரிக்கு முந்திய வருமான வித்தியாசத்தில், சேர்ந்து வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.5 முதல் 2 சதவீதம். ஒருவருக்கு 90,000, மற்றவருக்கு 30,000, வாழ்ந்தது பத்து ஆண்டுகள் என்றால், மாதம் 750 முதல் 1,000 டொலர் வரை, ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு. இருபது ஆண்டுகளைத் தொட்ட திருமணத்துக்கு முடிவுத் திகதி குறிக்கப்படுவதில்லை. உங்களுக்குக் குழந்தை இருப்பதால் கணக்கு வேறு: வரியும் குழந்தைக்கான பணமும் கழிந்த பின் இருவரிடமும் மிஞ்சுவதைக் கூட்டி, அதில் 40 முதல் 46 சதவீதம் உங்கள் பக்கம் நிற்கும்படி கணினியில் போட்டுப் பார்ப்பார்கள். குழந்தைக்கான பணத்துக்கே முதலிடம். அவரிடம் போதிய வருமானம் இல்லையென்றால் உங்கள் பங்குதான் குறையும். அவர் கையில் காசாக வாங்கி வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், அவர் உழைக்கக்கூடியது இவ்வளவு என்று நீதிமன்றமே ஒரு தொகையை நிர்ணயிக்கலாம். உங்களிடமும், நியாயமான காலத்தில் சொந்த உழைப்புக்கு வர முயல்வதை எதிர்பார்ப்பார்கள். ஆங்கில வகுப்பில் சேர்ந்த சான்று உங்களுக்குச் சாதகமானது.

ஸ்பொன்சரை மீளப் பெறுவேன் என்று அவர் மிரட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். உண்மையான திருமணமாக இருந்து நிரந்தர வதிவிடமும் கிடைத்துவிட்டால், பிரிந்ததற்காக அது பறிபோகாது. இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனையை 2017 இல் நீக்கிவிட்டார்கள். உங்கள் அடிப்படைத் தேவைகளைப் பார்ப்பேன் என்று அவர் அரசுக்குக் கொடுத்த மூன்று வருடப் பொறுப்புறுதியும் பிரிவால் முடிந்துவிடாது.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. பிறநாட்டு நீதிமன்றம் ஒன்று செல்லுபடியான விவாகரத்தை முதலில் கொடுத்துவிட்டால், அதன் பிறகு ஒன்ராறியோ நீதிமன்றம் தாபரிப்புக் கட்டளையிட முடியாது என்று இந்த மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007 இல் தீர்த்திருக்கிறது. ஆகவே வெளிநாட்டிலிருந்து ஏதாவது நீதிமன்றக் கடிதம் வந்தால், அதை ஒரு நாள்கூட வைத்திருக்காமல் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். சமாதானம் பேச வருபவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும், சொந்தச் சட்ட ஆலோசனை இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

விவாகரத்து கிடைக்கப் பொதுவாக ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். தாபரிப்புக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. இந்த வாரமே விண்ணப்பித்து, இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம். கட்டளை வந்தபின் பணத்தை அறவிட மாகாணத்தின் குடும்பப் பொறுப்பு அலுவலகம் இருக்கிறது. கட்டாதவரின் சம்பளத்திலிருந்து அது நேரே எடுக்கும், சாரதி அனுமதிப் பத்திரத்தையும் நிறுத்தும். மாதாமாதம் வரும் தாபரிப்புக்கு நீங்கள் வருமான வரி கட்ட வேண்டும், குழந்தைக்கான பணத்துக்கு வரி இல்லை.

குடும்ப நீதிமன்றக் கட்டடத்திலேயே குடும்பச் சட்டத் தகவல் நிலையம் இருக்கிறது; அங்கே கட்டணம் இல்லாமல் படிவங்களை விளக்குவார்கள். வருமானம் குறைவு என்பதால், நீதிமன்றத்தில் இலவசமாக உதவும் கடமைச் சட்டத்தரணியைச் சந்திக்க முடியுமா என்றும் கேளுங்கள். போகும்போது திருமணச் சான்றிதழ், நிரந்தர வதிவிட அட்டை, கடைசி மூன்று வருட வரி மதிப்பீட்டு அறிவித்தல்கள் ஆகியவற்றோடு, பிரிந்த திகதியைக் குறித்த ஒரு தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.