விதை அழைப்பிதழும் 120 விமானச் சீட்டுகளும்

அன்புள்ள அக்கா,

இன்னும் ஏழு மாதத்தில் எனக்குக் கல்யாணம். சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லாமல் நடத்த வேண்டும் என்பதில் நானும் அவரும் ஒரே பிடியாக இருக்கிறோம். ஆனால் பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் என் தோழி, "கருத்தரங்கு மாதிரி இருக்கப்போகுது போ, ஆளுக்கொரு சணல் பை" என்று சிரித்தாள். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

இதுவரை முடிவானவை: விதைத்தாளில் (விதை பதித்த, மண்ணில் நட்டால் முளைக்கும் தாள்) அழைப்பிதழ், மக்கும் தட்டும் கோப்பையும், காய்ந்த பூக்களால் அலங்காரம், வருகிறவர்களுக்கு எங்கள் பெயர் அச்சிட்ட சணல் பை. இடம், காட்டை ஒட்டிய ஒரு விடுதி. அங்கே எல்லாமே சூரிய மின்சாரம். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். மொத்தம் 300 பேர், அதில் 120 பேராவது பறந்து வருவார்கள். பெரியவர்கள், "கஞ்சத்தனம் என்று நாலு பேர் பேசுவார்கள்" என்கிறார்கள். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது?

நி.

*

அன்புள்ள நி.,

கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோதுதான் அந்த வரியில் கண் நின்றது. "விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான்." மற்ற எல்லாவற்றையும் கவிழ்க்க அந்த ஒரு "தான்" போதும்.

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 300 அழைப்பிதழ், ஒன்று 50 கிராம் என்று வைத்தால் 15 கிலோ தாள். ஒரு கிலோ தாள் செய்ய ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஆக, 25 கிலோவுக்குள் அடங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரப் பறத்தல் என்பது சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வர ஓர் ஆளுக்கு 150 முதல் 250 கிலோ. உங்கள் 120 பேருக்கு 18 முதல் 30 டன். உங்கள் அழைப்பிதழ் மொத்தத்தையும் ஒரு தட்டில் வைத்தால், ஒரே ஒரு விருந்தாளி ஒரு வழி பறப்பதற்குக்கூட ஈடாகாது. விடுதிக் கூரையில் இருக்கும் சூரியத் தகடுகள் இரண்டு நாள் விளக்கெரித்து இதைச் சரிக்கட்டுமா?

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்த மாதிரிக் கல்யாணம் பற்றிப் பேசுகிற எல்லாரும் கையில் தொட்டுப் பார்க்கக்கூடியவற்றையே பேசுகிறார்கள், ஏனென்றால் அவற்றைத்தான் கடையில் வாங்க முடியும். எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், எவ்வளவு சமைக்கிறோம், எவ்வளவு கொட்டுகிறோம் என்ற நாலு கேள்விக்குக் கடையில் பதில் கிடையாது. கணக்கில் பெரும்பகுதி இந்த நாலில்தான் இருக்கிறது. எனவே என் முதல் யோசனை: வருகிறவர்களில் அதிகம் பேர் எங்கே வசிக்கிறார்களோ, அங்கேயே கல்யாணத்தை வையுங்கள். ரயிலிலோ பேருந்திலோ வரக்கூடிய இடமாக இருக்கட்டும். தனித்தனிக் கார்களுக்குப் பதில் நிலையத்திலிருந்து இரண்டு பேருந்து ஏற்பாடு செய்தால், வருகிற வழியிலேயே பாதிப்பேர் பழகிவிடுவார்கள்.

அடுத்து சாப்பாடு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நெருங்கிய ஒருத்தியின் கல்யாணத்தில் இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் தேடிப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பையன், இன்னும் ஆவி பறக்கிற அகலத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கறுப்புப் பைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தான். கரண்டியே படாத தட்டுகள். ஏன் தம்பி என்றேன். "கடைசி ஆள் வர்ற வரைக்கும் தட்டு நிறைஞ்சு இருக்கணும்க்கா, குறைஞ்சா எங்களத் திட்டுவாங்க" என்றான். பஃபேயின் கோளாறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. விருந்தாளியின் பசிக்குச் சமைத்தது போக, தட்டு காலியாகத் தெரியாமல் இருப்பதற்கென்று தனியாகவும் சமைக்கிறார்கள்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. நுகர்வோர் கைக்கு வந்த உணவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. குப்பைமேட்டுக்குப் போகிற சாப்பாடு காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. நூறு வருடக் கணக்கில், அது கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும்.

கேட்டரிங்காரரிடம் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்: முக்கால்வாசிப்பேர் சாப்பிட்டதும் பெரிய தட்டுகளை எடுத்துவிட்டுச் சின்னப் பாத்திரங்களுக்கு மாறட்டும். சின்னப் பாத்திரம் எப்போதும் நிறைந்தே தெரியும். அதைவிட நல்லது, உட்காரவைத்துப் பரிமாறுவது. அயிட்டங்களைப் பாதியாகக் குறையுங்கள். இருபத்தைந்து அயிட்டம் போட்ட விருந்தில் என்ன சாப்பிட்டோம் என்று மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. எட்டு அயிட்டத்தை அற்புதமாகச் செய்தால் பேசிக்கொண்டே இருப்பார்கள். கஞ்சத்தனம் என்கிற பேச்சுக்கு இதுதான் மருந்து. மிச்சமான காசைச் சமையல்காரரின் தரத்தில் போடுங்கள், பெரியவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

இறைச்சி உண்டா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. 119 நாடுகளில் 38,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளை அலசி 2018-ல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. எவ்வளவு கவனமாக வளர்த்தாலும் விலங்குணவின் சுமை பொதுவாகத் தாவர உணவைவிடக் கூடுதல், மாடும் ஆடும் அதில் முன்னணி என்பது அதன் முடிவு. முழுக்க நிறுத்த மனமில்லாவிட்டால் ஒரே ஒரு அயிட்டமாக வையுங்கள்.

வருகிறேன் என்று சொன்னவர்களை மட்டும் எண்ணிச் சமைக்க வேண்டும். இதற்காக ஒரு வாரம் போன் பிடித்துக்கொண்டு உட்காரத்தான் வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் இந்தக் கல்யாணத்தில் நீங்கள் செய்யப்போகும் மிகப் பெரிய சுற்றுச்சூழல் சேவை அதுவாகத்தான் இருக்கும்.

மக்கும் தட்டு, மக்கும் கோப்பை என்றால் எனக்கு ஒரு கதை இருக்கிறது. மூன்று வருடம் முன்பு அப்படி ஒரு கோப்பையை ஆசையாக வீட்டு உரக்குழியில் போட்டேன். போன மாதம் கிளறினால் அப்படியே வருகிறது, "நான் மண்ணாவேன்" என்கிற எழுத்துகூட அழியாமல். கழுவி நாற்று விட்டிருக்கிறேன். அந்த ரகம் பெரும்பாலும் பிஎல்ஏ எனப்படும் தாவர மூல பிளாஸ்டிக். 60 டிகிரியை ஒட்டிய சூட்டைத் தொடர்ந்து வைத்திருக்கும் தொழிற்கூட உரக்கிடங்கில்தான் அது மக்கும். அப்படி ஒரு கிடங்கு அருகில் இல்லையென்றால் வெறும் குப்பை. வாடகைக்குக் கண்ணாடி டம்ளரும் பீங்கான் தட்டும் எடுங்கள். கழுவினால் போயிற்று. தோழியின் கருத்தரங்குப் பயத்துக்கும் அதுவே பதில்: கண்ணாடியில் விழுகிற வெளிச்சத்தின் பக்கத்தில் எந்தக் காகிதக் கோப்பை நிற்கும்?

காய்ந்த பூக்களை வாங்குமுன் விசாரியுங்கள். ஒரே சீரான வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் வருபவை பெரும்பாலும் ரசாயனத்தில் வெளுத்துச் சாயம் ஏற்றியவை. தானாகக் காய்ந்த பூவுக்கு அவ்வளவு ஒழுங்கான நிறம் இருக்காது. அந்தப் பருவத்தில் பக்கத்திலேயே பூப்பதை வாங்குங்கள். என்ன பூ வேண்டும் என்று படத்தைக் காட்டாமல், "அந்த வாரம் என்ன கிடைக்கும்?" என்று டெக்கரேட்டரிடம் கேளுங்கள்.

அலங்காரத்தில் நான் ஒரே பிடியாக நிற்பது ஒரு விஷயத்தில் மட்டும். பூக்களைக் குத்திவைக்கப் பச்சையாக ஒரு செங்கல் மாதிரி இருக்குமே, விரலால் அழுத்தினால் சத்தமில்லாமல் குழிந்து பச்சைத்தூள் உதிருமே, அது வேண்டாம். நிறத்தைப் பார்த்துப் பலரும் அதைச் செடிப்பொருள் என்று நினைக்கிறார்கள். அது பீனால் ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக் நுரை. ஊறிய நுரையைக் கழுவுகிற தண்ணீரோடு அந்தத் தூள் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. 2020-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, இந்த நுண்துகள்களை நீர்வாழ் சிற்றுயிர்கள் விழுங்குவதையும், இதிலிருந்து கசியும் பொருள்கள் அவற்றுக்கு நஞ்சாவதையும் கண்டது. பதிலுக்குக் கம்பிவலையைச் சுருட்டி ஜாடிக்குள் விட்டால் போதும். ஜப்பானியப் பூவடுக்குக் கலையில் கென்சான் என்று ஒன்று உண்டு: கனமான உலோக வில்லை, மேலே நெருக்கமாகப் பித்தளை ஊசிகள். காம்பை அதில் குத்தி நிறுத்தினால் ஐந்தே தண்டுகள் ஒரு மேசையை நிறைக்கும். நுரையில் ஐம்பது செருகினாலும் அந்த அழகு வராது.

பலூன், ஜிகினாத் தூள் இரண்டும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே கதவடைத்துவிட்டது. சணல் பையையும் விட்டுவிடுங்கள். அடுத்தவர் கல்யாணப் பெயரைத் தோளில் மாட்டிக்கொண்டு யார் கடைக்குப் போவார்கள்?

உடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மணமகள் வெள்ளை உடுத்தும் மோகம் உலகெங்கும் பரவ 1840-ல் விக்டோரியா மகாராணி அணிந்த உடை ஒரு முக்கியக் காரணம். அதற்கு முன் அங்கே பெரும்பாலான பெண்கள் தங்களிடம் இருந்ததில் நல்லதை உடுத்தி மணந்து, பிறகும் அதையே உடுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், விக்டோரியா அந்தக் கல்யாண லேஸை வாழ்நாள் முழுக்க மறுபடி மறுபடி அணிந்தார். 1897 வைர விழாவுக்கு வெளியான படத்திலும் தலையில் இருப்பது அதே கல்யாண முக்காடுதான். ஒருநாள் உடுத்திப் பெட்டியில் பூட்டும் பழக்கம் அவரிடமிருந்து வரவில்லை. 2020-ல் அவர் வம்சத்து இளவரசி பீட்ரிஸ், பாட்டி எலிசபெத்தின் பழைய கவுனுக்குக் கை வைத்துத் தைத்து அணிந்து மணந்தார். உங்கள் வீட்டுப் பீரோவில் என்ன இருக்கிறது என்று அம்மாவைக் கேளுங்கள். நல்ல தையல்காரர் கிடைத்தால் கதையே வேறு.

மோதிரம் என்றால் வீட்டிலுள்ள பழைய தங்கத்தை உருக்கிச் செய்யுங்கள். மனிதர்கள் காற்றில் கலக்கிற பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் சேர்க்கும் சிறுதொழில் தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது.

வெளிச்சத்துக்குத் தனிப் பட்ஜெட் போடாதீர்கள். பகலில் தொடங்கிச் சூரியன் சாய்கிற நேரத்தில் முடிகிற மாதிரி வையுங்கள். அந்தக் கடைசி ஒரு மணி நேர வெயிலுக்காகப் போட்டோகிராபர்கள் தவம் கிடப்பார்கள். டீசல் ஜெனரேட்டரும் வேண்டியிருக்காது.

இன்னொன்று. "இது பசுமைக் கல்யாணம்" என்று எங்கேயும் பலகை வைக்காதீர்கள். தோழி சொன்ன கருத்தரங்கு வாடை அடிப்பது அங்கேதான்.

விடுதிக்குக் கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று இந்த வாரமே விசாரியுங்கள். கிடைக்காது என்றால் தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். கல்யாணக் களேபரம் எல்லாம் அடங்கியபின் நீங்கள் இரண்டு பேரும் ரயிலில் போய் நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள். காட்டை ஒட்டிய இடம் என்கிறீர்கள், 300 பேர் இல்லாதபோதுதான் பறவைச் சத்தம் கேட்கும்.

அன்புடன்,
அக்கா