கடற்கரைக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து குமரி வரை எந்தக் கடற்கரையைப் பற்றியும் கேட்கலாம். நான் குமரி மாவட்டத்துக் கடலோர ஊர்க்காரி. அறை வாடகை, ஓட்டல் விவரமெல்லாம் எனக்குத் தெரியாது. அவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

சேலம்: மே கடைசியில் கன்னியாகுமரி வருகிறோம். சூரியன் கடலுக்குள் மறைவதைப் பார்க்க முடியுமா அக்கா?

முடியாது. மே, ஜூனில் சூரியன் வடமேற்கே தள்ளி இறங்குவதால் கரைப்பக்கம் மறைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் வாருங்கள்.

திருவொற்றியூர்: மெரினாவில் நடக்க நடக்க மணல். எங்கள் பக்கம் வெறும் கல். ஏன் இப்படி?

நல்ல கேள்வி. நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைத் தள்ளிக்கொண்டே போகின்றன. வருடக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தங்கியது, மெரினா அகலமானது. ராயபுரத்துக்கும் உங்கள் ஊருக்கும் வர வேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அங்கே இருந்ததைக் கடல் எடுத்துக்கொண்டே இருந்தது. அதைத் தடுக்கத்தான் கல் கொட்டினார்கள். புதுச்சேரியிலும் துறைமுகச் சுவர் வந்த பிறகு இதே கதைதான். ஓரிடத்தில் சுவர் எழுப்பினால் பக்கத்து ஊர் தேய்கிறது. மெரினாவின் அழகைப் பேசுகிறவர்கள் உங்கள் ஊரையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கோவை: குழந்தைகளோடு போகிறோம். அலை குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து இறங்கினால் போதும்தானே?

வேண்டவே வேண்டாம். பல உயிர்கள் போனதே இந்த எண்ணத்தால்தான்.

இறங்கும் முன் கொஞ்ச நேரம் கரையில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, சாதுவாகக் கிடக்கும். அங்கே நுரையும் குப்பையும் கரைக்கு வராமல் கடலை நோக்கிப் போவது தெரியும். கரையேறிய தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வழி அது. முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளையைக்கூட அது தள்ளிவிடும். கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இதே இழுப்பு உண்டு.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். அந்தப் பட்டையைத் தாண்டியதும் அலையே கரைப்பக்கம் தள்ளும். கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மூடிய காலி வாட்டர் கேன், கயிறு, எது கிடைத்தாலும் வீசுங்கள். 108-க்கும் கடலோரப் பாதுகாப்பு எண் 1093-க்கும் அழையுங்கள். பக்கத்தில் மீனவர்கள் இருந்தால் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

பெங்களூர்: நான் போட்டிகளில் நீந்தியவன். நீச்சல் தெரியாதவர்களுக்கான எச்சரிக்கையை எல்லோருக்கும் பொதுவாக்குவது சரியா?

சரிதான். நீச்சல் குளத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு வெள்ளை நினைவுச் சின்னம் இருக்கிறதே, அது 1930-இல் அங்கே மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்கு வைத்தது. காப்பாற்றப் போனவரையே கடல் விடவில்லை.

பெங்களூர், மறுபடியும்: அது அந்தக் காலம். இப்போதுதான் வானிலை எச்சரிக்கை வருகிறதே?

வருகிறது, நாம்தான் பார்ப்பதில்லை. 2024 மே 6 அன்று எங்கள் மாவட்டத்தில், கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எங்கோ தெற்குப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து ஏறும், அதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். நம் கரையில் காற்றே இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள் தம்பி.

தூத்துக்குடி: கடல் வீட்டுப் பிள்ளை நான். அக்கா சொல்வது சரி. ஆனால் எல்லோரையும் பயமுறுத்தி அனுப்பினால் கரையில் சுண்டல், சங்கு விற்கிறவர்கள் பிழைப்பு என்னாவது?

உங்கள் கவலை நியாயமானது. வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள், மணலில் உட்காருங்கள், சுண்டல் வாங்குங்கள், காலை நனையுங்கள். ஒரு சாவு விழுந்தால் அந்தக் கரையையே அடைத்துவிடுகிறார்கள். அப்போதும் அடி வாங்குவது அந்த வியாபாரிகள்தான்.

வேலூர்: மெரினாவில் குளிக்கலாமா?

தடை. குளிக்கக் கூடாது.

கரூர்: தனுஷ்கோடியில் குளிக்கலாமா?

கூடாது. அரிச்சல்முனையில் இரண்டு பக்கக் கடலும் இழுக்கும். 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களைப் பாருங்கள், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

ஈரோடு: வேளாங்கண்ணியில் குளிக்கலாமா?

கோவைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஊர் மாறினாலும் பதில் அதேதான். ‘குளிக்கலாமா’ என்று இனி வரும் கேள்விகளுக்குத் தனியாகப் பதில் எழுத மாட்டேன்.

மதுரை: முட்டையிடக் கரைக்கு வரும் பங்குனி ஆமையைப் பார்க்க என் மகளுக்கு ஆசை.

அடுத்த ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சென்னைக்குப் போங்கள். தன்னார்வ மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள்; பொதுமக்களையும் கூட்டிப் போவதுண்டு. டார்ச் அடிக்கக் கூடாது என்று மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

நாமக்கல்: தடைக்காலத்தில் மீன் கிடைக்காதாமே? விற்பதே குற்றம் என்கிறார் நண்பர்.

குற்றமில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத்தான் தடை. நாட்டுப்படகும் வள்ளமும் போய்வருகின்றன. காலையில் வள்ளம் கரையேறும் இடத்துக்கே போங்கள். சாளை, நெத்திலி என்று அன்றைக்கு என்ன கிடைத்ததோ அதை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.