ஹெக்ஸ் எடிட்டரில் முதலில் பாருங்கள், அப்புறம் தொடலாம்: கேள்வி பதில்

அழிந்த தரவை மீட்பது, கணினியில் தடயம் தேடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். ஹெக்ஸ் எடிட்டர் என்பது ஃபைலையோ டிஸ்க்கையோ பைட் பைட்டாக எண்களாகவே காட்டும் மென்பொருள். அதன் ஹெக்ஸ் எண்களில் (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை பதினாறு குறிகளால் எழுதுபவை) வரும் ஆங்கில எழுத்துகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். எங்காவது 'இ5', '4பி' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் அழிந்த ஃபைலை எடுத்துத் தரும் சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. அப்புறம் எதற்கு சார் ஹெக்ஸ் எடிட்டர்?

பெரும்பாலும் தேவைப்படாது. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். முதலில் அவற்றையே ஓட்டிப் பாருங்கள், ஆனால் டிஸ்க்கின் நகல் மீது. அவை ஒன்றுமில்லை என்று கைவிரித்தால், அல்லது ஆயிரக்கணக்கில் ஃபைல்களை அள்ளிக் கொடுத்து அவற்றில் ஒன்றுகூடத் திறக்காவிட்டால், அப்போதுதான் ஹெக்ஸ் எடிட்டரைத் திறக்க வேண்டும். டிஸ்க்கில் அந்த இடத்தில் நிஜமாகவே என்ன இருக்கிறது என்பதை அதில்தான் பார்க்க முடியும். பெயரில் 'எடிட்டர்' இருந்தாலும் என் வேலையில் முக்கால்வாசி நேரம் அதில் ஒரு பைட்டைக்கூட மாற்றுவதில்லை.

கேள்வி: ஃபேட்32 பென் டிரைவில் ஒரு வேர்டு ஃபைலை அழித்துவிட்டேன். பெயரின் முதல் பைட்டை மாற்றினால் திரும்பி வந்துவிடும் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி இறங்கித்தான் பலர் ஃபைலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஃபேட்32 என்பது டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறை. அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்குள் 32 பைட் நீளத்தில் ஒரு பதிவு உண்டு. ஃபைலை அழித்தால் அந்தப் பதிவின் முதல் பைட் இ5 ஆகிவிடும். பெயரின் மிச்ச எழுத்துகள், தேதி, அளவு எல்லாம் அப்படியே கிடக்கும். ஆனால் கூடவே இன்னொன்றும் நடக்கிறது. டிஸ்க் கிளஸ்டர் என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். எந்தக் கிளஸ்டருக்கு அடுத்து எந்தக் கிளஸ்டர் என்று சொல்லும் அட்டவணையில் அந்த ஃபைலின் சங்கிலி முழுக்கப் பூஜ்ஜியமாகிறது. நீங்கள் இ5-ஐ மட்டும் திருத்தினால் ஃபோல்டரில் பெயர் தெரியும், ஆனால் அட்டவணை அந்த இடத்தைக் காலி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்து எதைச் சேமித்தாலும் அங்கேயே போய் உட்காரலாம்.

அதனால் எதையும் திருத்தாமல் பதிவைப் படியுங்கள். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 24, 25-ஆம் பைட்டுகள் கடைசியாக மாற்றிய தேதி. 20, 21 இரண்டும் தொடக்கக் கிளஸ்டர் எண்ணின் மேல்பாதி. 26, 27 கீழ்ப்பாதி. 28 முதல் 31 வரை அளவு. எல்லாமே தலைகீழாக, சின்ன பைட் முன்னால் வரும்.

அளவு இருக்கும் இடத்தில் 00 28 01 00 என்று இருக்கிறது என்று வையுங்கள். திருப்பிப் போட்டால் 00 01 28 00, அதாவது 75,776 பைட். தேதி இடத்தில் 15 57 இருந்தால் அது 5715. இதைப் பைனரியில் விரித்து முதல் ஏழு பிட்டை எடுத்தால் 43 வரும். 1980-உடன் கூட்டினால் 2023. அடுத்த நான்கு பிட் 8, கடைசி ஐந்து பிட் 21. ஆக 2023 ஆகஸ்ட் 21. இதை ஒரு தடவை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்புறம் சாஃப்ட்வேர் சொல்லும் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டீர்கள்.

இனி தொடக்கக் கிளஸ்டருக்குப் போய் அங்கிருந்து 75,776 பைட்டைத் தேர்ந்தெடுத்து வேறொரு டிஸ்க்கில் புது ஃபைலாகச் சேமியுங்கள். டாக்எக்ஸ் ஃபைல் என்பது உள்ளே ஒரு ஜிப் ஃபைல்தான். தொடக்கத்தில் 50 4பி 03 04 இருக்க வேண்டும், முடிவை ஒட்டி 50 4பி 05 06 இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அநேகமாகத் திறந்துவிடும். தலை இருந்து வால் இல்லையென்றால் ஃபைல் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கிறது, அல்லது பின்பாதி மேல் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது.

இன்னொன்று. கிளஸ்டர் 4,096 பைட் என்றால் இந்த ஃபைல் 19 கிளஸ்டர் எடுத்துக்கொள்ளும், கடைசிக் கிளஸ்டரில் 2,048 பைட் மிச்சம் நிற்கும். அதற்கு முன் அங்கே குடியிருந்த ஃபைலின் மிச்சம் மீதி அந்த இடத்தில் அப்படியே இருக்கலாம். தடயம் தேடுகிறவர்கள் 'ஸ்லாக்' என்று சொல்லிக் குடைவது இதைத்தான்.

கேள்வி: என் எஸ்எஸ்டியில் அழித்த படங்கள் இருந்த இடத்துக்குப் போனால் வரிசையாக 00 00 00 என்று மட்டுமே தெரிகிறது. வேறு எடிட்டரில் பார்க்கலாமா?

எந்த எடிட்டரில் பார்த்தாலும் இதேதான். ஃபைலை அழித்ததும் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்கு ட்ரிம் கட்டளை அனுப்பிவிடுகிறது. அதன்பின் அந்த இடத்தைக் கேட்டால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் பூஜ்ஜியத்தைத்தான் தருகின்றன. சின்ன நம்பிக்கை ஒன்று உண்டு: என்டிஎஃப்எஸ்-இல் (விண்டோஸ் டிஸ்க்குகளில் வழக்கமான ஃபைல் முறை) ஏறக்குறைய 700 பைட்டுக்குள் அடங்கும் குட்டி ஃபைல்கள் எம்எஃப்டி என்ற ஃபைல் பட்டியலின் பதிவுக்குள்ளேயே இருக்கும். பதிவு 1,024 பைட், தொடக்கத்தில் 46 49 4சி 45. அந்தப் பதிவை வேறு ஃபைல் எடுத்துக்கொள்ளாதவரை, அழித்த சின்ன டெக்ஸ்ட் ஃபைல் எஸ்எஸ்டியிலும் உள்ளே இருக்கும். படங்களுக்கு இது உதவாது.

கேள்வி: மீட்டெடுத்த ஜேபெக் படங்கள் எதுவும் திறக்கவில்லை. அளவு மட்டும் சரியாகவே காட்டுகிறது.

ஒன்றைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கினால் தலை சரி, உள்ளே எங்கோ கோளாறு. முழுக்கப் பூஜ்ஜியம் என்றால் மீட்க அங்கே ஒன்றும் இல்லை. தொடக்கம் வேறாக இருந்து, உள்ளே எங்கும் ஒரு ஒழுங்கும் தென்படாமல் எல்லா பைட்டும் கலந்தடித்திருந்தால், அதுவும் எல்லாப் படத்திலும் இதே கதை என்றால், பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் பூட்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அதைத் தலையை ஒட்டவைத்துச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: டிஸ்க் இமேஜில் (டிஸ்க்கை முழுதாக ஒரே ஃபைலாக எடுத்த நகல்) ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் அது இருப்பது எனக்குத் தெரியும்.

நல்ல கேள்வி, இதைப் பலர் கவனிப்பதில்லை. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'த' என்பது இ0 ஏஇ ஏ4. விண்டோஸ் உள்ளுக்குள் நிறைய இடங்களில் பயன்படுத்தும் யுடிஎஃப்-16-இல் அதே 'த' வெறும் ஏ4 0பி. ஆகவே இரண்டு விதமாகவும் தேட வேண்டும். 'கொ', 'கோ' வரும் சொற்களில் இன்னொரு சிக்கல்: கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், தனித்தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். அந்த எழுத்துகள் இல்லாத பகுதியை மட்டும் தேடினால் தொல்லை இல்லை. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய ஆவணம் என்றால் அந்த எழுத்துருவின் குறிகளைத்தான் தேட வேண்டும்.

இவ்வளவும் செய்து கிடைக்கவில்லையா? சொல் டாக்எக்ஸ் ஃபைலுக்குள் இருக்கலாம். அது சுருக்கி வைத்த தரவு, விரிக்காமல் எந்தத் தேடலிலும் சிக்காது.

கேள்வி: ஆதாரமாகக் காட்ட வேண்டிய ஹார்ட் டிஸ்க். எடிட்டரில் படிக்க மட்டும் திறந்தால் ஒன்றும் மாறாதுதானே?

எடிட்டர் மாற்றாது, விண்டோஸ் மாற்றிவிடும். கேபிளைச் சொருகிய உடனேயே அது டிஸ்க்கில் எதையாவது எழுதலாம். டிஸ்க்கில் எதுவும் எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் வழியாக இணைத்து, முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுத்து, இரண்டின் ஹாஷையும் (தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எச்ஏ-256 போடுங்கள். எம்டி5-இலும் எஸ்எச்ஏ-1-இலும் வெவ்வேறு ஃபைல்களுக்கு ஒரே ஹாஷ் வரவழைத்துக் காட்டிவிட்டார்கள். எஸ்எச்ஏ-1-க்கு அது நடந்தது 2017-இல். அப்புறம் மூல டிஸ்க்கை உறையில் போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். வேலை எல்லாம் இமேஜ் மேல்தான்.

கேள்வி: ஃபைலின் தேதியை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகம். ஹெக்ஸில் தெரியுமா?

சில சமயம் தெரியும். என்டிஎஃப்எஸ் ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் நேரம் வைத்திருக்கும். ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் நாம் பார்ப்பது முதலாவது. தேதி மாற்றும் கருவிகள் பெரும்பாலும் அதை மட்டும்தான் மாற்றும், ஃபைல் பெயரோடு இருக்கும் இன்னொன்று பழையபடியே நிற்கும். நேரம் 8 பைட் எண். 1601 ஜனவரி 1 முதல் 100 நானோ நொடிக் கணக்கு. நொடிக்குக் கீழே எல்லாம் சுத்தமாகப் பூஜ்ஜியம் என்றால் கொஞ்சம் உறுத்த வேண்டும். ஆனால் உடனே திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். ஃபேட் பென் டிரைவிலிருந்து நகலெடுத்த ஃபைலின் மாற்றிய நேரமும் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் ஃபேட் அதை இரண்டு நொடிக்கு ஒரு தடவைதான் கணக்கு வைக்கிறது.

கேள்வி: டிரைவைத் திறந்தால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. என்ன செய்ய?

'வேண்டாம்' என்று சொல்லுங்கள். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் மின்சாரத்தையே எடுத்துவிடுங்கள், அது ஆய்வகத்துக்குப் போக வேண்டிய கேஸ். சத்தம் இல்லையென்றால் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியால் இமேஜ் எடுத்துப் பார்ட்டிஷனின் முதல் செக்டரைப் பாருங்கள். 512 பைட் செக்டரின் கடைசி இரண்டு பைட் 55 ஏஏ இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றுப் பிரதியைத் தேடுங்கள்: ஃபேட்32-இல் வழக்கமாக (பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால்) 6-ஆம் செக்டர், என்டிஎஃப்எஸ்-இல் பார்ட்டிஷனின் கடைசி செக்டர். அது நல்லபடியாக இருந்தால் இமேஜில் முதல் செக்டர் மேல் ஒட்டிப் பாருங்கள். நான் எழுதச் சொல்லும் ஒரே இடம் இதுதான், அதுவும் நகலில்.

கேள்வி: எந்த எடிட்டர் நல்லது சார்?

பழக எச்எக்ஸ்டி போதும், இலவசம், பெரிய ஃபைலையும் சிரமமில்லாமல் திறக்கும். ஃபைல் அமைப்பை நிறம் பிரித்துப் படிக்க 010 எடிட்டர் அல்லது இம்ஹெக்ஸ். தொழிலாகச் செய்கிறவர் என்றால் வின்ஹெக்ஸ். திரை பழையகாலத்துத் தோற்றம்தான், ஆனால் டிஸ்க்கை அது படிக்கும் விதம் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: நண்பனின் லேப்டாப்பை அவனுக்குத் தெரியாமல்...

இதற்குப் பதில் இல்லை தம்பி.

கேள்வி: படங்கள் இருந்த இடம் முழுக்க ஒரு தடவை பூஜ்ஜியம் எழுதப்பட்டுவிட்டது. ஏதாவது வழி?

அந்த இடத்தில் இல்லை. ஆனால் படம் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் இருந்ததா? விண்டோஸ் சிறுபடங்களைத் தனியாக ஒரு கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைக்கிறது, மூலப் படம் போனாலும் அது தங்கும். ஹைபர்னேட் ஃபைல் (நினைவகத்தைச் சுருக்கி வைத்தது, முதலில் விரிக்க வேண்டும்), பேஜ் ஃபைல் (நினைவகத்தின் நீட்சி), ஷேடோ காப்பி (விண்டோஸ் எடுத்து வைக்கும் பழைய நிலை நகல்) இவற்றிலும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் தேடுங்கள். கிடைப்பது சின்னதாக, மங்கலாக இருக்கலாம். தேடுவதற்கு முன் கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கணினியில் இமேஜ் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் அந்த ஃபைல்களை எந்த நேரமும் திரும்ப எழுதிவிடும்.