கடல் வானிலை படிக்க ஆசைப்படும் மகள்: கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் ஒரு பதில்

கேள்வி: குமரி மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறோம். மகள் பிளஸ் டூ, கணிதம்–கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஒக்கி புயலுக்குப் பிறகு கடல் வானிலை படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். படித்தால் வேலை கிடைக்குமா? பெண்பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்ப வேண்டியிருக்குமா? பக்கத்தில் ஒரு கல்லூரியில் ‘கடல்’ என்று பெயருள்ள பி.எஸ்சி. இருக்கிறது. சேர்த்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவசரப்பட்டு அதில் சேர்க்க வேண்டாம். ‘கடல்’ என்ற பெயரில் வரும் பி.எஸ்சி. படிப்புகளில் பல கடல் உயிரியல் சார்ந்தவை. மீன், பாசி, பவளப்பாறை பற்றிய நல்ல படிப்புதான், ஆனால் உங்கள் மகள் கேட்பது வேறு. காற்றும் அலையும் நீரோட்டமும் எப்படி இயங்குகின்றன என்பது முழுக்க இயற்பியல், கணிதம். எம்.எஸ்சி. வானிலையியலுக்கு விண்ணப்பிக்கும்போது ‘பட்டப்படிப்பில் இயற்பியல், கணிதம் படித்தாயா’ என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். மூன்று வருடம் கழித்து அங்கே போய் முட்டி நிற்பதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

இந்த வேலை என்னவென்று உங்கள் கடலை வைத்தே பார்ப்போம். கள்ளக்கடல் என்று உங்கள் ஊரில் சொல்வார்கள். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று கடல் கரையேறும். அந்த அலை பிறந்த இடம் தென்பெருங்கடல், உங்கள் கரையிலிருந்து ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே வீசும் புயல்காற்று கிளப்பும் நீண்ட அலைகள், அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு நடுவே 15, 16 வினாடி இடைவெளியோடு வடக்கே வருகின்றன. உள்ளூர்க் காற்று எழுப்பும் சாதாரண அலைக்கு இந்த இடைவெளி ஐந்து முதல் எட்டு வினாடிதான். ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் வேகத்தைக் கணக்கிட எளிய வாய்பாடு உண்டு: இடைவெளி வினாடிகளை 0.78ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 16 வினாடி என்றால் சுமார் 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர், நாளுக்கு 1,080 கிலோமீட்டர். அப்படியானால் உங்கள் கரையைத் தொட நான்கைந்து நாள் ஆகும். அந்த அவகாசத்தில்தான் ஹைதராபாத்தில் உள்ள, கடல் தகவல் சேவைக்கான மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை தருகிறது. 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோதும் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. கணிப்பது வேலையில் ஒரு பாதிதான். அது கரையில் நிற்பவர் காதுக்குப் போய்ச் சேர்வது மறுபாதி.

இன்னொரு உதாரணம். அறிவிப்பில் ‘அலை உயரம் 3 மீட்டர்’ என்று வந்தால் அதுவே பெரிய அலை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தவறு. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தனி ஒரு அலை கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு வரை எழலாம். இதை நாட்டுப்படகுக்காரருக்குப் புரியும் தமிழில் சொல்லத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் நிஜமான தேவை இருக்கிறது.

மேலே போட்ட பெருக்கலை மகளிடம் காட்டுங்கள். ‘அந்த 0.78 எங்கிருந்து வந்தது’ என்று திருப்பிக் கேட்டால் இந்தப் படிப்பு அவளுக்குப் பொருந்தும். கடலின் அழகு மட்டுமே பிடித்திருந்தால், அதை வேலையாக்காமல் வைத்துக்கொள்வதே நல்லது.

இனிப் பாதை. கணிதம் உள்ள குரூப்பில் இருப்பதால் முதல் கண்டம் தாண்டியாயிற்று. கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் என்றால் இந்தக் கதவு பெரும்பாலும் அங்கேயே மூடிவிடும். அடுத்தது பி.எஸ்சி. இயற்பியல். துணைப்பாடம் கட்டாயம் கணிதமாக இருக்கட்டும். சில கல்லூரிகளில் வேறு துணைப்பாடமும் தருவார்கள், அதைச் சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். பி.எஸ்சி. கணிதம் எடுத்து இயற்பியலைத் துணைப்பாடமாக வைத்தாலும் சரியே. பிறகு எம்.எஸ்சி. வானிலையியல் அல்லது கடலியல். கொச்சிப் பல்கலைக்கழகமும் (குசாட்) விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகமும் இதில் பழகிய இடங்கள். குசாட்டுக்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. உங்கள் ஊரிலிருந்து கொச்சி, சென்னையைவிடப் பக்கம்.

மேற்படிப்புக்கான அகில இந்தியத் தேர்வான ‘கேட்’டில், எக்ஸ்.இ. (பொறியியல் அறிவியல்) தாளுக்குள் வளிமண்டல, கடல் அறிவியலுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பொறியியல் கணிதப் பகுதி அதில் கட்டாயம். பி.எஸ்சி. மாணவர்கள் அங்கேதான் வழுக்குகிறார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்தே அதைத் தனியாகப் படிக்க வேண்டும். கூடவே பைத்தான், லினக்ஸ். இன்றைய கடல் முன்னறிவிப்பு முழுவதும் கணினி மாதிரிகளில் ஓடுகிறது, பழைய மாதிரிகள் பல இன்னும் ஃபோர்ட்ரான் மொழியிலேயே இருக்கின்றன.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன், இது குறுகிய வாசல். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு எஸ்.எஸ்.சி. என்ற மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. இயற்பியலோடு முதல் வகுப்பில் பி.எஸ்சி. தேறியவர்கள் எழுதலாம், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருந்திருக்க வேண்டும். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். ஆனால் அந்தத் தேர்வு 2017இல் வந்தது, பிறகு 2022இல்தான் வந்தது. அதை மட்டுமே நம்பி வீட்டில் உட்கார்ந்தால் வயது வரம்பு ஓடிப்போகும். விஞ்ஞானி நிலைப் பணிக்கு, அடிப்படை 56,100 ரூபாயில் தொடங்கும் பதவிக்கு, முதுகலையும் பெரும்பாலும் அதற்கு மேலும் வேண்டும்.

நடுவில் ஒரு பொறி இருக்கிறது. இன்காய்ஸ், சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் திட்டப் பணியாளராக எடுப்பார்கள். கற்றுக்கொள்ள அருமையான இடம், சம்பளமும் மோசமில்லை, ஆனால் ஒப்பந்த வேலை. ஒவ்வொரு வருடமும் நீட்டிப்புக் கிடைக்கும் என்று ஏழெட்டு வருடம் தங்கிவிட்டு, முனைவர் பட்டமும் இல்லாமல் நிரந்தரப் பணிக்கான வயதும் தாண்டி நிற்பவர்கள் உண்டு. இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் என்றால் பிஎச்.டி. பதிவோடு சேர்த்துத்தான் இருக்க வேண்டும். தனியாரில் கப்பல்களுக்குப் பாதை சொல்லும் நிறுவனங்கள், துறைமுகங்கள், எண்ணெய் மேடைகள், காற்றாலை, காப்பீடு என்று வாய்ப்புகள் இருக்கின்றன. அங்கே பட்டத்தின் பெயரைவிடத் தரவைக் கையாளும் திறமையைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் திறமை இருந்தால் கடல் வேலை கிடைக்காத வருடத்திலும் வேறு வேலை கிடைக்கும்.

கப்பல் பயம் வேண்டாம். முன்னறிவிப்பாளர்கள் கரையில், அலுவலகத்தில் இருந்துதான் வேலை செய்கிறார்கள். சிரமம் வேறு இடத்தில்: இருபத்துநாலு மணி நேர ஷிப்ட். வங்கக் கடலில் புயல் வருவது ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் மாதங்களில். தீபாவளி சமயத்தில் விடுப்புக் கிடைக்காமல் போகலாம், புயல் வந்துவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை. ஆராய்ச்சிக் கப்பல் பயணம் அளவீட்டுப் பிரிவில் இருப்பவர்களுக்கு மட்டும், சில வாரங்கள், குழுவாக. நடுக்கடல் மிதவைகளைப் பராமரிப்பது அந்தப் பிரிவின் வேலை. சிப்பி ஒட்டிக்கொண்டு உணர்கருவி தவறாகக் காட்டும், மீன் கூடுகிறதென்று படகுகள் மிதவையில் கயிறு கட்ட, கருவி உடையும். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. பெண்கள் விஷயத்தில் உறவினர்கள் யாராவது முணுமுணுத்தால் அன்னா மணியைச் சொல்லுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வுபெற்றவர்.

ஒக்கியைப் பற்றி அவளிடம் ஒன்று பேசுங்கள். 2017 நவம்பர் 29இல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலை புயல். ஆனால் பல நாள் தங்கும் படகுகள் அதற்கு முன்பே கரையோடு பேசும் வி.எச்.எஃப். ரேடியோவின் எல்லையைத் தாண்டிப் போயிருந்தன. அதன் பின் 2019இல் செயற்கைக்கோள் வழியே படகுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவி வந்தது. செய்தி படகுக்கு வரும், படகிலிருந்து திரும்பப் போகாது. இந்த மாதிரி இடைவெளிகளை அடைப்பதே அவள் தலைமுறைக்குக் காத்திருக்கும் வேலை.

இப்போதைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பரீட்சை முடிந்ததும் இரண்டு மாதம் தினமும் காலையில் இன்காய்ஸ் தளத்தில் உங்கள் கடற்கரைக்கு வரும் அலை உயரம், இடைவெளி, காற்றுத் திசையைக் குறிக்கட்டும். மாலையில் துறைமுகத்தில் கரை திரும்புகிறவரிடம் கடல் எப்படி இருந்தது, காற்று கச்சானா (மேல்காற்று) வாடையா (வடகாற்று), நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுத்தது என்று கேட்டு எதிரே எழுதட்டும். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களைத் தனியே வட்டமிட்டு, ஏன் என்று அவளே யோசிக்கட்டும். கல்லூரி விண்ணப்பத்தை அந்த நோட்டு நிறைவதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள், இயற்பியலுக்குப் போட்டுவிடுங்கள். முதுகலையில் வானிலையா, கடலியலா, இரண்டும் வேண்டாமா என்று முடிவெடுக்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.