மழைல தக்காளி வரத்து இல்ல, சப்ளைய நிறுத்திட்டேன், இப்ப நோட்டீஸ் வந்திருக்கு

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி வியாபாரம் பண்றேன். ஓசூர்ல ஒரு கேன்டீன் காண்ட்ராக்டருக்கு வருஷம் பூரா தினம் 500 கிலோ, கிலோ 22 ரூபாய்னு அக்ரிமெண்ட். தொடர் மழைல விலை 90க்கு போயிடுச்சு, 20 நாள் அனுப்பல. 6,80,000 ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டாங்க. அஞ்சு வருஷப் பழக்கம், ஒரு வார்த்தை கூட கேக்கல சார்.

பதில்: பழக்கத்தை விடுங்க. விலை 8 ரூபாய்க்கு விழுந்தப்ப நீங்க 22 வாங்குனீங்கல்ல, அதே அக்ரிமெண்ட்தான் இது. உங்க கேஸ்ல பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, "இன்னாரோட தோட்டத்து தக்காளி"ன்னு அக்ரிமெண்ட்ல எழுதியிருக்கா, இல்ல வெறும் "தக்காளி"யா? குறிப்பிட்ட தோட்டம்னு இருந்து அங்க பூ உதிர்ந்து காய் வெடிச்சு அழுகிப் போச்சுன்னா, செய்யவே முடியாம போன ஒப்பந்தம் செல்லாதுங்கற ஒப்பந்தச் சட்டம் 56வது பிரிவுல பேச இடம் இருக்கு. வெறும் தக்காளின்னா மார்க்கெட்ல எங்கயாவது வாங்கி அனுப்பியிருக்கணும், நஷ்டம்கறது காரணமே இல்ல. இந்தோனேசியா நிலக்கரி விலை ஏறிடுச்சுன்னு மின் கம்பெனிங்க ரேட் ஏத்திக் கேட்டதையே சுப்ரீம் கோர்ட் 2017ல ஒத்துக்கல, தக்காளிக்கா ஒத்துக்கும்? அக்ரிமெண்ட்ல "மழை வெள்ளம்"னு ஒரு வரி இருந்தா அதை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்க, ஆனா அதுலயும் விலையேத்தம் வந்திருக்காது, பெரும்பாலும் வராது.

நான் பயப்படறது வேற. அந்த 20 நாள்ல நீங்க யாருக்கும் ஒரு பெட்டி கூட விக்கலையா? இந்த மாதிரி கேஸ்ல வர்றவங்க எல்லாரும் "வரத்தே இல்ல"ன்னுதான் சொல்வாங்க, குறுக்கு விசாரணைல மண்டி சீட்டும் பேங்க் ஸ்டேட்மெண்டும் வெளிய வரும், அதே வாரம் வேற ஆளுக்கு 90க்கு லோடு ஏத்துனது தெரியும், அப்புறம் மழைய பத்தி ஒரு வார்த்தை கூட ஜட்ஜ் கேக்க மாட்டார். இன்னொண்ணு, "இந்த ரேட்டு கட்டுப்படியாகல"ன்னு வாட்ஸப்ல அனுப்பியிருந்தா அதுவே போதும், சரக்கு இருந்துச்சு, தர இஷ்டமில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. அதை இப்ப டெலீட் பண்ணாதீங்க, அவங்க போன்ல இருக்கும், மாட்டுனா இன்னும் அசிங்கம்.

அவங்க கணக்கு 68 ரூபாய் வித்தியாசத்தை 500 கிலோவால 20 நாளுக்கு பெருக்கினது, நஷ்ட ஈடு பத்தின அதே சட்டத்து 73வது பிரிவு கிட்டத்தட்ட அப்படித்தான் போகும். ஆனா 20 நாளும் ரேட் 90லயே நின்னிருக்காது, நாள்வாரியா மார்க்கெட் ரேட்டும், அவங்க வெளிய வாங்குன பில்லும் கேளுங்க, தொகை குறையும். நோட்டீஸுக்கு பதில் போடறப்ப கோவத்துல "வரத்து இல்ல"ன்னு எழுதிடாதீங்க, எழுதுனா அதுலயே நிக்கணும்.

என் யோசனை, பேசி முடிச்சுக்கோங்க. எப்படியும் 3 லட்சத்துக்கு மேல வியாபாரக் கேஸ்னா கோர்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி முதல்ல மீடியேஷன், அதாவது சமரசப் பேச்சுதான். செக்யூரிட்டிக்கு கையெழுத்து போட்ட வெத்து செக் குடுத்திருக்கீங்களா? அத அவங்க நிரப்பிப் போட்டு ரிட்டர்ன் ஆச்சுன்னா செக் பவுன்ஸுக்கான 138வது பிரிவுல கிரிமினல் கேஸ், வெத்தா குடுத்தேன்கறது எடுபடாது, டிமாண்ட் நோட்டீஸ் வந்து பணம் கட்ட 15 நாள்தான் டைம். அதனால பணம் குடுக்கற அன்னைக்கே அந்த செக்க கைல வாங்குங்க, இல்லாம ஒரு ரூபாய் குடுக்காதீங்க.